பெயர் வெட்டிய டம்ளர்

"அந்த வூட்டு முன்வாசல்லயா நீ ஏறப் போற?"

கேட்ட வீரையனின் கை சோற்றுத் தட்டிலேயே நின்றுவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா தனபாக்கியம் எட்டிப் பார்த்தாள். அப்பா கோபப்பட்டிருந்தால்கூடக் கனிமொழி தாங்கியிருப்பாள். அவர் பயந்துபோனதுதான் அவளைக் கலக்கிவிட்டது.

கனிமொழி தஞ்சாவூரில் எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கிறாள். அங்கே ஒரு கொள்கை ஆய்வு மையம் இருக்கிறது. லாபம் பார்க்காத சின்ன அமைப்பு. பயிர்க் காப்பீடு குத்தகைக்காரனுக்கு வந்ததா, ரேஷன் அரிசி சரியாகப் போகிறதா என்று ஊர் ஊராய்க் கேட்டு எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பும். அதில் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் உண்டு. சம்பளம் கிடையாது, சான்றிதழ் உண்டு. சான்றிதழை உலையில் போட்டால் வேகாது என்பது மையத்தை நடத்தும் ஜெயபால் சாருக்கு வெகுநாள் உறைக்கவில்லை. கூடவே பயிற்சிக்கு வந்த நிதிஷ் டாக்டர் மகன், சொந்தக் காரில் வந்து போகிறவன். அவனுக்குச் சம்பளம் ஒரு பொருட்டே இல்லை. காலனிகளிலிருந்தும் குப்பங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள்தான் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாமல் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இனி நிற்க வேண்டியவள் கனிமொழி. மாதச் சம்பளத்தோடு அந்த வேலை நிலைத்தால் அவள் மேலே ஆராய்ச்சிக்குப் படிப்பாள். இல்லாவிட்டால் பரீட்சை முடிந்த கையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அத்தை மகள் அங்கே இடம்கூடப் பிடித்து வைத்துவிட்டாள்.

பிள்ளைகள் இப்படி நின்றுபோவதைப் பார்த்த பிறகுதான் சாருக்குப் புத்தி வந்தது. பயிற்சி மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்க நிதி கேட்டுப் பல கதவுகளைத் தட்டினார். ஒரே ஒரு கதவு திறந்தது. அது திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை. மாணவி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள் என்று அவர்கள் சொல்ல, சார் கனிமொழிக்குப் போன் போட்டார். 'உங்க பக்கம்தாம்மா, நீயே பேசினா எடுபடும்' என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

அந்தக் கதவு சிங்காரவேலு வீட்டுக் கதவு. காலனி சனம் 'பெரியவீடு' என்று சொல்லும் வீடு. வீரையன் அவருடைய தென்னந்தோப்பில் போர்செட் பார்க்கிறார். காலனியிலிருந்து யார் அந்த வீட்டுக்குப் போனாலும் கொல்லைப்புறமாகத்தான் போவார்கள். இப்படித்தான் வரவேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் வழக்காவது போடலாம். போன வருடம் காலனிப் பையன் ஒருவன் அந்தத் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு பைக்கில் போனான். அவனை யாரும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. நடவு முடிகிறவரை அவன் வீட்டு ஆட்களை மட்டும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. போதாததற்கு, வீரையன் குடியிருக்கும் மனை பெரியவீட்டு நிலத்தில் இருக்கிறது. பட்டா இன்னும் வரவில்லை.

"போவாத, அந்த சார்ட்ட ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்றாள் தனபாக்கியம்.

வீரையன் தட்டைத் தள்ளி வைத்தார். "போவட்டும். ஆனா யாரு பொண்ணுன்னு சொல்லிக்காத பாப்பா. நீ ஆறாவதுலேருந்து ஆஸ்டல்ல இருந்தவ. அவுங்களுக்கு ஒம்மொகம் தெரியாது. நான் அங்க நின்னாலும் ஒன்னயத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். நீயும் காட்டிக்காத."

கனிமொழி தலையை ஆட்டினாள். பெற்ற அப்பனைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தலையாட்டுகிறோம் என்பது அப்போது அவளுக்குப் புரியவே இல்லை. பயம் அப்படி.

மறுநாள் காலை சாரோடு வந்த நிதிஷின் கார், பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த கனிமொழியையும் ஏற்றிக்கொண்டு பெரியவீட்டின் முன் வந்து நின்றது. இரும்புக் கதவைத் தாண்டியதுமே கனிமொழியின் கால்கள் தாமாகச் செருப்பைக் கழற்றிவிட்டன. சின்னப் பிள்ளையில் அம்மாவோடு கொல்லை வேலிக்கு வரும்போது அங்கே கழற்றிப் பழகிய கால்கள். 'உள்ளே போய்க் கழட்டலாம்மா' என்று சிரித்தார் சார். அவள் மறுபடி போட்டுக்கொண்டாள். வாசற்படியில் கால் வைத்தாள். இந்த வீட்டுக் கொல்லையும் மாட்டுக் கொட்டகையும் அவளுக்குத் தெரியும். முன்பக்கம் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது.

கூடத்தில் சோபாவும், மாலை போட்ட பெரிய படமும் இருந்தன. படத்திலிருந்தவர் சிங்காரவேலுவின் தகப்பனார் முத்துராமன். அறக்கட்டளை அவர் பெயரில்தான். சிங்காரவேலு வெள்ளைச் சட்டை வேட்டியில் நல்ல மரியாதையாக எழுந்து வரவேற்றார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தந்தவர். கனிமொழியையும் 'உக்காரும்மா' என்றார். அவள் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அவர் மனைவி மீனா காபி கொண்டுவந்தாள்; 'இது சர்க்கரை போடாதது' என்று ஒன்றைக் கணவரிடம் நீட்டினாள். பளபளவென்று எவர்சில்வர் டபரா டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் 'மு.ரா.' என்று பெயர் வெட்டியிருந்தது. கனிமொழி கையில் டம்ளர் சுட்டது. அண்ணாந்து குடிப்பதா, வாய் வைத்துக் குடிப்பதா என்று குழம்பி, நிதிஷைப் பார்த்தாள். அவன் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். அவளும் வாய் வைத்தாள். காபியின் ருசி ஒன்றும் தெரியவில்லை.

சார் திட்டத்தை விளக்கி முடித்தார். சிங்காரவேலு சிரித்தார். "வேலை கத்துக்குறதுக்குச் சம்பளமா சார்? கரும்பு தின்னக் கூலியா?"

சார் கனிமொழியைப் பார்த்தார். அவள் பேசத்தான் வந்திருக்கிறாள். "கரும்பு நிக்கிற வயலுக்குப் போவ பஸ்ஸுக்குக் காசு வேணும் சார். அது இல்லாதவங்க பாதியிலயே நின்னுடறாங்க" என்றாள்.

சிங்காரவேலுவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. கெட்டிக்காரப் பெண் என்று சாரிடம் பாராட்டினார். பிறகு, எந்த ஊர் என்று கேட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்றாள். பக்கம் என்றால் எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று அடுத்த கேள்வி வரும். இந்த ஊரில் அது வராமல் போகாது. கேள்வி வருவதற்குள் கொல்லைக் கதவருகே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

வீரையன்தான். சீவிய இளநீர்க் காய்களைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. கூடத்தை ஒருமுறை பார்த்தார். மகள் சோபாவில் உட்கார்ந்து, பெரியவீட்டு டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பதைப் பார்த்தார். உடனே கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டார். சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

நிதி தருவதில் சிங்காரவேலுவுக்குத் தயக்கமில்லை. ஒரே ஒரு விஷயம், பிள்ளைகளை அவர் சொல்கிறபடி பொறுக்க வேண்டும். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். கண்டவர்களுக்குக் கொடுத்தால் காசு தண்ணீரில் கரைத்த உப்புதான் என்றார். சார் என்னவோ சொல்ல ஆரம்பிக்க, அவர் கையமர்த்திவிட்டு நிலைப்படிப் பக்கம் திரும்பினார்.

"இதோ நிக்கிறானே, நம்ம தோப்பாளு. இவன் பொண்ணும் தஞ்சாவூர்ல படிக்குதாம். ஆஸ்டல் இலவசம், பீஸ் இலவசம். ஏன்டா வீரையா, என்னடா படிக்குது ஒம்பொண்ணு?"

வீரையன் தலை நிமிரவில்லை. "தெரியலிங்கய்யா."

"பாத்தீங்களா சார்? பெத்தவனுக்கே தெரியல. இதுங்களுக்குக் குடுத்து என்ன ஆவப்போவுது?"

கனிமொழியின் மதிப்பெண்ணை எல்லாம் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் அவள் அப்பா. டீக்கடையில் யார் கிடைத்தாலும் பிடித்துவைத்துச் சொல்வார். அவளுக்காகச் சொன்ன பொய்யே இப்போது அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லியது. சும்மா இருந்தால் சம்பளம் வரும், படிப்பு வரும். மனை தப்பும். வாயை மூடிக்கொண்டு இரு என்று பயம் அவளைப் பிடித்து அமுக்கியது. ஆனால் அப்பாவின் குனிந்த கழுத்தை அவளால் பார்க்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன் சார். அவர்தான் எங்கப்பா."

மீனா அம்மாளின் கண் கனிமொழியின் முகத்திலிருந்து இறங்கி, டீப்பாயிலிருந்த டம்ளருக்குப் போய், அங்கேயே நின்றது. வீரையன் தாம்பாளத்தை அப்படியே நிலைப்படி ஓரத்தில் இறக்கி வைத்தார்.

சிங்காரவேலுதான் முதலில் சிரித்தார். உலகம் தெரிந்தவர். எதிரே அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்புகிறவர் உட்கார்ந்திருக்கிறார், நாளைக்குப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட வேண்டியிருக்கிறது. "அட, சொல்லவே இல்லியேடா வீரையா! நம்ம ஊட்டுப் புள்ளதானா?" என்றார். நிதி உறுதி என்றும், யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது சார் பாடு என்றும் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. சாதியெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கக்கூடும். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்களுக்குத் தண்ணீர் எப்போதும் தெளிவாகத்தான் தெரியும்.

புறப்படும்போது மீனா அம்மாள் வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே கனிமொழி குடித்த டபராவும் டம்ளரும். "வச்சுக்கம்மா. மொத மொத வீட்டுக்கு வந்திருக்க, ஞாபகமா இருக்கட்டும்."

என்ன பெருந்தன்மை என்று சார் உருகிப் போனார். கனிமொழி பையைப் பார்த்தாள். பிறகு டீப்பாய் மேலிருந்த தட்டைப் பார்த்தாள். சாரும் நிதிஷும் சிங்காரவேலுவும் குடித்த டம்ளர்கள் கழுவப் போவதற்காக அதில் கிடந்தன. சாருக்கும் இது முதல் வருகைதான். அவருக்கு யாரும் ஞாபகப் பொருள் தரவில்லை.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் வாய் பட்ட டம்ளர் இந்த வீட்டுக்கு ஆகாது. தூக்கி எறிந்தால் தெரிந்துவிடும், கொடுத்துவிட்டால் தர்மம். அதோடு இன்னொரு பயமும் வந்தது. பெரியவீட்டுப் பெயர் வெட்டிய டம்ளர் காலனி வீட்டில் இருந்தால் நாளைக்கே அது திருட்டுப் பொருளாகிவிடும். மாட்டேன் என்றால் கிடைத்த நிதி போய்விடும். பையை வாங்கினாள்.

வாங்கியவள் வெளியே போகவில்லை. நிலைப்படிக்குப் போய், தாம்பாளத்திலிருந்த ஓர் இளநீரைப் பையிலிருந்த டம்ளரில் ஊற்றி அப்பாவிடம் நீட்டினாள். "குடிப்பா."

வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார் வீரையன். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. வீரையன் மகளைப் பார்த்தார். பிறகு டம்ளரை வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்தே குடித்தார்.

கனிமொழி அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய், டீப்பாய்த் தட்டில் மற்ற டம்ளர்களுக்கு நடுவே வைத்தாள். டபராவையும் வைத்தாள். தட்டைத் தூக்கிச் சமையற்கட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கியபோது நடுக்கத்தில் டம்ளர்கள் எல்லாம் இடம் மாறிக் கலந்துவிட்டன. நாலும் ஒரே அச்சு, நாலிலும் ஒரே பெயர்.

"இது தாத்தா பேர் போட்ட டம்ளரும்மா. இந்த வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள்.

அன்று இரவு வீரையன் வீட்டில் யாரும் தூங்கவில்லை. தோப்பு வேலை போய்விடும், மனையைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தனபாக்கியம் எழுந்து உட்கார்ந்தாள். அப்படி யாரும் வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போன வீரையன் சாயங்காலம் ஒரு சாக்குப் பையோடு திரும்பினார். அதில் நாலு டபரா, நாலு டம்ளர். எது யார் குடித்தது என்று மீனா அம்மாளுக்குத் தெரியவில்லை. கொல்லைப்புறத்தில் வைத்து, எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டாளாம்.

"ஒண்ணு குடுத்தாங்க, வேணான்ன. இப்ப மொத்தமும் வந்துருச்சு" என்றார் வீரையன். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "வூட்டுல வைக்காத பாப்பா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லுவாங்க." கனிமொழி அதை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் மையத்து அலமாரியில் வைத்தாள்.

அடுத்த மாதம் சம்பளத்தோடு கூடிய பயிற்சி தொடங்கியது. குப்பத்திலிருந்து ஆஷிகா என்ற பெண் புதிதாக வந்தாள், நின்றுபோன பிள்ளைகளில் சிலரும் திரும்பி வந்தார்கள். தொடக்க விழாவுக்குச் சிங்காரவேலு வந்தார். முத்துராமன் அறக்கட்டளை என்று பெரிய எழுத்தில் பேனர் கட்டியிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் சமமென்று நன்றாகவே பேசினார். கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள்.

பேச்சு முடிந்ததும் கனிமொழி அவருக்குக் காபி கொண்டுபோனாள். அவர் கை நீட்டினார். டம்ளரில் இருந்த எழுத்தைப் பார்த்தார். தகப்பனார் பெயர். நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

"வேணாம்மா. எனக்குச் சுகர். காபிய விட்டாச்சு."

கனிமொழிக்கு அன்றும் பயம்தான். ஆனால் அவள் நகரவில்லை.

"தெரியும் சார். சர்க்கரை போடாமத்தான் கொண்டாந்திருக்கேன்."