அவளுக்குப் பிடித்த இடம்

அவள் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் சூப் வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை. மாடிப்படியில் அவர்களுடைய தலை தெரிந்ததுமே பரிமாறுபவர் உள்ளே திரும்பி, "மேடம் வந்தாச்சு, காளான் ஒண்ணு" என்று குரல் கொடுத்துவிடுவார். மற்றவர்களுக்கு மெனு அட்டை. அவளுக்கு நேராகக் கிண்ணம். அது பெரிய மரியாதை என்று அவளுடைய கணவன் நினைத்தான். சமையலறைக் கதவை ஒட்டிய அந்த மூலை மேசையும் மரியாதைதான். முதன்முதலாக வந்த அன்று வேறு மேசை காலியில்லாததால் அங்கே உட்கார்ந்தார்கள். அதன்பின் ஜன்னலோர மேசைகள் காலியாகக் கிடந்தாலும் அவன் நேராக மூலைக்கே போவான். "அவளுக்கு இந்த இடம்தான்" என்பான். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடான எண்ணெய்க் காற்று அவள் கழுத்தில் வந்து மோதும்.

கிண்ணத்தில் சாம்பல் நிறத்தில் துண்டுகள் மிதந்தன. உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. கெட்டுப்போன சாஸ், ஊசிப்போன ரொட்டி என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். வாரம் முழுக்கப் பூஞ்சையைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதன் பங்காளியைக் கிண்ணத்தில் பார்க்க வேண்டியிருந்தது.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. கல்யாணமான புதிதில் அவன் இங்கே அழைத்துவந்து, அவனே ஒரு சூப் சொல்லி, அவள் முதல் கரண்டியை விழுங்கும்வரை பொறுத்திருந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டான். அவன் புருவம் இரண்டும் மேலே ஏறி நின்றன. நல்ல பதிலுக்காக ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கிவிட்ட முகம். அந்த முகத்தைப் பார்த்து யாராலும் கெட்டது சொல்ல முடியாது.

"பரவாயில்லை" என்றாள்.

அவள் பிறந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு ஓய்வே கிடையாது. டம்ளர் உடைந்தால் பரவாயில்லை. மழையில் துணி நனைந்தால் பரவாயில்லை. அப்பாவுக்குப் பதவி உயர்வு வராதபோது அம்மா சொன்னதும் அதேதான். நடந்தது நடந்துவிட்டது, மூடி வை என்று பொருள். அவன் வீட்டில் எல்லோரும் சத்தமாகப் புகழ்வார்கள், சத்தமாகத் திட்டுவார்கள். அவர்கள் நடுவே வாயைத் திறக்காத ஒருத்தி பரவாயில்லை என்று சொன்னால் அது சாதாரணப்பட்ட பேச்சா? மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக நகரம் முழுக்கச் சுற்றுகிறவன் அவன். எங்கே என்ன நன்றாக இருக்கும் என்று நண்பர்கள் அவனுக்குத்தான் போன் செய்வார்கள். அவனும் சளைக்காமல் சொல்வான். "மச்சான், கண்ணை மூடிட்டுப் போ. என் வைஃபுக்குப் பிடிச்ச இடம். அவ வாயிலேர்ந்து பரவாயில்லைன்னு வந்தா அது பத்துக்குப் பத்து."

அப்படித்தான் சூப் கடை அவளுக்குப் பிடித்த கடையானது. அதே தெருவில் இருந்த துணிக்கடையும் அப்படித்தான். அங்கே ஒரு கடுகு மஞ்சள் துணியைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்லித் தொலைத்தாள். இப்போது விற்பனையாளர் அவளைக் கண்டதும் மஞ்சள் அடுக்கைத்தான் சரிக்கிறார். அவளுடைய அலமாரியைத் திறந்தால் வெயில் அடிப்பதுபோல் இருக்கும். கடைசியாகக் காபிக்கடை. ஐஸ் போட்ட இனிப்புக் காபி. பல் வேரோடு கூசும். ஒவ்வொரு ஞாயிறும் சூப், மஞ்சள், ஐஸ். மாடு செக்கைச் சுற்றுவதுபோல அந்தத் தெருவை அவள் சுற்றிவந்தாள். செக்கு மாட்டையாவது யாரும் நன்றாக இருக்கிறதா என்று கேட்பதில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் போன வாரம் அவன் வீடு பார்த்துவிட்டு வந்தான். சூப் கடைக்கு நேர் மேல் மாடி. "உனக்காகத்தான்" என்றான். "காலையில எழுந்து படி இறங்கினா உன் கடை. எதிர்ல துணிக்கடை. ராணி மாதிரி இருக்கலாம்." ஆய்வகம் நகரத்தின் மறுகோடியில் இருப்பதை அவள் மெதுவாக நினைவுபடுத்தினாள். "அவ்வளவு தூரம் பஸ்ல இடிபட்டுப் போய் அந்த நாத்தத்தைப் பார்க்கணுமா? விட்டுத் தள்ளு" என்றான். நிஜமான அன்போடுதான் சொன்னான். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம்.

ஆய்வகத்தில் அவள் எழுத வேண்டியது இரண்டே பதில்களில் ஒன்று. வளர்ச்சி உண்டு, அல்லது வளர்ச்சி இல்லை. நடுவில் எதுவும் கிடையாது. யார் முகத்தையும் பார்த்து எழுத வேண்டியதில்லை. அந்த நாற்காலியில் உட்காரும்போது மட்டும் அவள் பொய் சொல்வதே இல்லை. அதை விட்டுவிடச் சொல்கிறான். வாரம் முழுக்கக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தாள். எனக்கு அந்த வீடு வேண்டாம். ஐந்து வார்த்தைகூட இல்லை. வெளியே வந்து அவன் முகத்தைப் பார்த்ததும் துண்டைக் காயப்போடப் போய்விடுவாள்.

இன்று வீட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய நாள். தரகர் மேலே காத்திருந்தார். நல்ல காரியம் என்பதால் அவனுடைய அக்காவும் கூட வந்திருந்தாள். முழங்கால் வலியோடு படியேறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, தம்பியிடம் சொன்னாள்: "உன் பொண்டாட்டி ஊமைக்கோட்டான் மாதிரி இருக்காளே தவிர, ரசனைல கெட்டிடா. இடத்தைப் பாரு, என்ன கும்பல்!"

"என் செலக்‌ஷன் இல்லக்கா. அவ செலக்‌ஷன்."

பரிமாறுபவர் மிளகுத்தூள் புட்டியை அவளருகே நகர்த்தினார். ஆவி முகத்தில் ஏறியது. இப்போது சொல்லாவிட்டால் சாகும்வரை இந்த வாசனைக்கு மேலேதான் தூங்க வேண்டும் என்று தோன்றியது. சின்னதிலிருந்து ஆரம்பிப்போம் என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"வேண்டாம்."

"என்ன மேடம்?" என்றார் பரிமாறுபவர்.

"சூப் வேண்டாம்."

"ஏன், சூடு பத்தலையா?" என்று அவன் பதறினான். "அண்ணே, இதை மாத்திக் கொண்டு வாங்க."

"சூடு இருக்கு. எனக்கு இந்த வாசனை பிடிக்கலை."

சொல்லிவிட்டாள். இனி ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது அவனுடைய அக்கா மெனு அட்டையைக் கீழே வைத்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"டேய் மண்டு" என்றாள் தம்பியிடம். "பிடிச்ச சாப்பாட்டு வாசனை ஒருத்திக்குத் திடீர்னு பிடிக்கலைன்னா என்னடா அர்த்தம்?"

அவன் விழித்தான். பிறகு அவனுடைய காதுமடல்கள் சிவந்தன.

"அண்ணி, அதெல்லாம் இல்ல..."

"எல்லாரும் முதல்ல இல்லைன்னுதான் சொல்லுவாங்க. நானும்தான் சொன்னேன். இப்ப என் பையன் காலேஜ்ல படிக்கிறான்."

"நிஜமாவே இல்ல அண்ணி. எனக்கு..."

"சரி சரி, வெட்கப்படாத. நாள் போகட்டும், டாக்டர்கிட்ட காட்டிக்கலாம். டேய், அவளைக் கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டுப் போ. என் முட்டி தாங்காது, நான் இங்கேயே இருக்கேன்." போனைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டாள். இன்னும் சற்று நேரத்தில் இரண்டு குடும்பங்களுக்கும் தெரிந்துவிடும்.

பரிமாறுபவர் பல் தெரியச் சிரித்தார். "மேடத்துக்கு எலுமிச்சை ஜூஸ் தரட்டுமா? வயித்துக்கு இதமா இருக்கும்."

"பரவாயில்லை" என்றாள், வேண்டாம் என்ற பொருளில்.

ஜூஸ் வந்தது.

மேல்மாடி வீட்டின் கதவு இரட்டைக் கதவு. ஒரு பாதி எப்போதும் சாத்தியே இருக்கும்போல. தரகர் மறுபாதியைத் திறந்து, "முதல்ல நீங்க போய்ப் பாருங்கம்மா. ஆள வேண்டியவங்க நீங்கதானே" என்றார். சுவர்களில் யாரோ மாட்டியிருந்த படங்களின் இடம் வெளிறிய சதுரங்களாக நின்றது. தரகர் பால்கனியைத் திறந்து காற்றோட்டத்தைக் காட்டினார். பிறகு மின்சார மீட்டரைப் பார்க்க அவரும் அவள் கணவனும் வெளியே படிக்கட்டுப் பக்கம் போனார்கள். அவள் சமையலறைக்குப் போனாள். ஜன்னலுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், கீழ்க்கடையின் புகைக்குழாய் ஏறிப் போனது. கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தாள். மஞ்சளாகப் பிசுக்கு ஒட்டியது. இதைத் தட்டில் வைத்தால் இரண்டே நாளில் காடாய் வளரும்.

அப்போது பால்கனிக் காற்று வீட்டுக்குள் பாய்ந்து வாசல் கதவை அறைந்து சாத்தியது. ஏதோ இரும்பு விழுந்த சத்தம் கேட்டது.

வெளியிலிருந்து தள்ளினார்கள். கதவு அசையவில்லை.

"பழைய மரம் சார், ஊதியிருக்கும்" என்றது தரகரின் குரல். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. கீழ போய்ச் சுத்தியல் வாங்கிட்டு வந்துடறேன். தட்டினா திறந்துக்கும்." செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

அவள் வாசலுக்கு வந்தாள். மரம் ஒன்றும் ஊதவில்லை. கதவின் அடியில் இருந்த நீளத் தாழ்ப்பாள், அறைந்த வேகத்தில் நழுவித் தரைக்குழியில் இறங்கியிருந்தது. தூக்கினால் திறந்துவிடும். குனியப் போனாள்.

"பயப்படாதே" என்றான் அவன், கதவுக்கு வெகு அருகில். "நான் இங்கேயேதான் இருக்கேன்."

"பயமில்லை."

தன் குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எதிரில் புருவங்கள் இல்லை, சிரிக்கத் தயாரான அந்த வாய் இல்லை. பெயின்ட் உரிந்த மரம் மட்டும் இருந்தது. குனிந்தவள் நிமிர்ந்தாள்.

"என்னங்க."

"சொல்லு."

"எனக்கு இந்த வீடு வேண்டாம்."

வெளியே ஷூ ஒருமுறை தரையில் உரசியது. பிறகு, "கதவு இருக்கில்ல, சரியாக் கேக்கலை" என்றான். கேட்டுவிட்டது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"இந்த வீடு வேண்டாம்" என்றாள் உரக்க. "வேலையை விட மாட்டேன். நான் மாசமாவும் இல்லை. எனக்குக் காளான் சூப் பிடிக்காது."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

"நீதானே பரவாயில்லைன்னு சொன்னே!"

"பரவாயில்லைன்னுதானே சொன்னேன்? நல்லா இருக்குன்னு சொல்லலையே."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எங்க வீட்டுல அதுக்குப் போனாப் போகுதுன்னு அர்த்தம்."

அவன் இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பது கதவுக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. கொஞ்சம் கழித்து, "மஞ்சள்?" என்று கேட்டான்.

"அதுவும்."

"ஐஸ் காபி?"

"பல் கூசும்."

"ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன்." கோபம் இருந்தது, ஆனால் பாதி வழியிலேயே அது நின்றுவிட்டது. "அப்ப உனக்குப் பிடிச்ச இடம்தான் எது?"

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்தாள். "ஆய்வகத்துக்குப் பின்னாடி ஒரு ரொட்டிக்கடை. உக்கார இடமில்லை. ஒரு அம்மா வெச்சிருக்காங்க. சுவத்துல சாஞ்சு நின்னுட்டே சாப்பிடணும். வெறும் பன்னும் பால் இல்லாத காபியும்."

"அதுல என்ன இருக்கு?"

"நல்லா இருக்கான்னு அந்தம்மா கேக்க மாட்டாங்க."

"அந்தத் தெருப் பக்கம் நான் போனதே இல்லையே" என்றான். நகரத்தையே உள்ளங்கையில் வைத்திருக்கிறவன். யாரோ அவன் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல் குரல் சிறுத்திருந்தது. "சரி. வீட்டை விடு. தரகர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் எதிர்பார்த்தது இதைத்தான். இவ்வளவு சுலபமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மூச்சை விட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றான்.

"ம்."

"உன்னைப் பொண்ணு பார்த்துட்டுப் போனோமே. அன்னிக்கு உங்கப்பா, பையன் எப்படின்னு உன்கிட்ட கேட்டாராமே. நீ என்ன சொன்னேன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டார். ராத்திரி பூரா தூங்கலை, சந்தோஷத்துல."

அவள் கதவில் கையை வைத்தாள். அன்று அப்பா கேட்டதும், மடியிலிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் தான் பதில் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

"அதுவும் உங்க வீட்டு அர்த்தத்துலதானா?"

உண்டு, இல்லை. இரண்டில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று சொன்னது ஒன்று. இந்த நிமிடம், கதவுக்கு அப்பால் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறவனுக்குச் சொல்ல வேண்டியது வேறோ என்னவோ. அவளுக்கே தெரியவில்லை. வாயில் முதலில் வந்து நின்ற வார்த்தையைப் பல்லால் கடித்து நிறுத்தினாள்.

கதவடியில் ஒரு விரற்கடை வெளிச்சம் இருந்தது. அதில் அவனுடைய ஷூ முனைகள் இரண்டும் கறுப்பாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தன. பிறகு விலகின. போய்விட்டான் என்று நினைத்தபோது வெளிச்சம் மொத்தமாக அணைந்தது. மரம் லேசாக முனகியது. கதவில் முதுகைச் சாய்த்து அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுடைய சட்டையின் ஓரம் இடுக்கு வழியாகக் கொஞ்சம் உள்ளே வந்து தூசியில் கிடந்தது.

கீழே படியில் செருப்புச் சத்தம் ஏறி வரத் தொடங்கியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கட்டைவிரலைத் தாழ்ப்பாளின் கொக்கிக்கு அடியில் கொடுத்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. தூக்காமல் நின்றாள்.