மூக்கில் படாத கண்ணாடி

"முடிச்சிட்டு ஒரேயடியா வாரேன் வல்லி. இனிமே திரும்பிப் போறதா இல்ல" என்று உடையப்பன் குவைத்திலிருந்து சொன்னபோது சொர்ணவல்லி உப்பு ஜாடியைப் பார்த்துச் சிரித்தாள். செல்போனை அவள் சாய்த்து வைத்திருந்தது ஜாடிக்குப் பக்கத்திலிருந்த எண்ணெய்த் தூக்கில். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவளுக்கு ஜாடியும் புருஷனும் ஒன்றுதான். இரண்டும் ஓரம் கரைந்து, நனைந்த வேட்டிக்குப் பின்னால் வைத்த விளக்குப்போல வெளிறித் தெரியும்.

"என்ன, எங்கிட்டோ பாத்துச் சிரிக்கிற?"

"வெக்கமா இருக்குங்க."

நாற்பத்தேழு வயதில், மகளைக் கட்டிக்கொடுத்து ஐந்து வருஷம் ஆன பிறகு ஒருத்தி வெட்கம் என்று சொன்னால் எந்தப் புருஷன்தான் உருகமாட்டான்? உடையப்பன் உருகினான். பத்தாம் நாள் காலை திருச்சி ஏர்போர்ட்டில் இறங்குவதாகவும் நீலச் சட்டை போட்டு வருவதாகவும் சொல்லிவிட்டு வைத்தான். சொர்ணவல்லி அடுப்புமேடையைத் தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் பயந்தாள்.

பயத்துக்குக் காரணம் ஆலங்குடியில் இருக்கிறது. உடையப்பன் முதன்முதலாகப் பெண் பார்க்கப் போனது அங்கேதான். டீச்சர் வேலை பார்க்கிற பெண், நல்ல குடும்பம், ஆனால் கண்ணாடி போட்டிருந்தாள். கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிட்டான். அடுத்த வாரம் சொர்ணவல்லியைப் பார்த்தான். அன்றிலிருந்து எந்தப் பந்தியிலும் அவன் இந்தக் கதையைச் சொல்லாமல் இலையை மடித்ததில்லை. "கண்ணாடி போட்ட பொண்ணு வேணாம்னு எந்திரிச்சு வந்தவன் நானு. இவ கண்ணப் பாத்தேன், அப்படியே உக்காந்துட்டேன்." அவனைப் பொறுத்தவரை பெண்டாட்டிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அந்தக் கண்ணுக்குத்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் பவர் வந்தது. அவன் அப்போது குவைத்தில். அடுத்த போனில் சொல்லலாம், அடுத்த போனில் சொல்லலாம் என்று தள்ளிப்போனது. லீவில் வந்தால் நாற்பது நாள். பவரும் அப்போது கொஞ்சம்தான் என்பதால், கண்ணாடியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுத் தலைவலி, தலைசுற்றல் என்று சமாளித்தாள். கடைசி நாலு வருஷமாக அந்த லீவும் இல்லை, வீடியோ கால் மட்டும்தான். கோயம்புத்தூரிலிருந்து மகள் ரஞ்சிதா, "சொல்லித் தொலையேம்மா, அப்பா என்ன கடிச்சா திங்கப்போறாரு?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

எங்கள் தெருவுக்கு இதெல்லாம் தெரியும். வல்லத்திராக்கோட்டைக்கு இரண்டு கிலோமீட்டர் இங்கிட்டு இருக்கிற இந்தத் தெருவில் காலையில் சொன்ன ரகசியம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்காது. இது பதினோரு வருஷம் தாங்கியது. நாங்கள் திருந்திவிட்டோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முடிவை நேரில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று ஆளாளுக்கு ஆசை, அவ்வளவுதான். உடையப்பனுக்கு ஒன்றுவிட்ட அக்கா ராக்காயி, அடுத்த வீடு, அவள்கூடத் தன் தம்பியிடம் மூச்சு விடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியைக் கழற்றி ஒளித்துவிடலாம். மூக்கை என்ன செய்வது? இரண்டு பக்கமும் வேப்பங்கொட்டையைப் பதித்து எடுத்த மாதிரி பள்ளம், நடுவில் காப்புக் காய்த்த கருப்பு. பார்க்கிற யாரும், "கண்ணாடிய எங்க வச்ச?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இரண்டு நாள் தேங்காயெண்ணெய் தடவினாள். ராக்காயி கொடுத்த கற்றாழையைத் தடவினாள். மூக்கு மினுமினுத்ததே தவிரப் பள்ளம் நகரவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய், கீழராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிற நிலவழகன் முன்னால் உட்கார்ந்தாள்.

"இந்தப் பள்ளம் போகுமா தம்பி?"

"போடாம இருந்தா ஒரு வாரத்துல மங்கிரும். ஆனா மைனஸ் அஞ்சு வச்சுக்கிட்டு எப்படிக்கா போடாம இருப்பீங்க? பஸ்ஸு எந்த ஊருக்குப் போகுதுன்னே தெரியாதே." கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இது வலிக்கலயா ஒங்களுக்கு?"

"கண்ணாடின்னா வலிக்கத்தான செய்யும்?"

நிலவழகன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அவளாகவே அப்படி வைத்துக்கொண்டாள். பதினோரு வருஷமும் சாயங்காலமானால் கழற்றி, மூக்கை இரண்டு விரலால் பிடித்துவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"மூக்குல உக்கார்ற இந்தப் பேடு படுக்கணும்க்கா. இது கத்தி மாதிரி ஓரத்துல நிக்கிது, அதான் வெட்டுது. காதுப்பக்கம் வளைவும் சரியில்ல. பாரம் பூராத்தையும் மூக்கு மேலயே ஏத்தி வச்சிருக்கீங்க. காதும் கொஞ்சம் சொமக்கட்டுமே." குறட்டால் கம்பியை மெல்ல விரித்தான். பழைய பேடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணீர்த்துளி மாதிரி மெத்தென்றிருந்த இரண்டைப் பொருத்தினான். காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைத்தான். "லென்ஸையும் பிளாஸ்டிக்ல மாத்திருவமா? பாதிக் கனம் போயிரும். நாலே நாளு."

"வேணாந்தம்பி. இன்னும் ஒரு வாரந்தான போடப்போறேன்."

என்ன ஏது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் தெருவில் குடிவைத்திருக்கலாம். மாட்டிக்கொண்டு எழுந்தவள் வாசலில் நின்று மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி இருக்கிறதா என்றே சந்தேகம். கனம் இல்லை, கடி இல்லை. வீதி மட்டும் தெளிவாக, யாரோ கழுவிவிட்ட மாதிரி முன்னால் கிடந்தது. பதினோரு வருஷ வலி ஒரு குறட்டில் போய்விட்டதே என்று சந்தோஷப்படாமல், இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுகை அழுகையாக வந்தது.

ஆனாலும் மெத்தென்று தொட்டாலும் தொட்டதுதானே. பள்ளம் போகவேண்டும் என்றால் மூக்கில் ஒன்றும் படக்கூடாது. ஊருக்கு வந்ததும் கண்ணாடியை அரிசிப் பானைக்குள் போட்டாள்.

அடுத்த இரண்டு நாள் எங்கள் தெருவுக்கு யோகம். சொர்ணவல்லிதான் பால் சொசைட்டியில் பாலை ஊற்றி, லாக்டோமீட்டர்க் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிறவள். யாருடைய பாலில் எவ்வளவு தண்ணீர் என்று அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்த இரண்டு நாளும் எல்லோருடைய பாலும் ஒரே டிகிரி, நல்ல டிகிரி. பால்கேனோடு வந்த ஆண்டிச்சாமி முகத்தைப் பார்க்காமலே, "வாங்கத்தா" என்றாள். "ஆத்தா இல்ல, நானு" என்று அவன் சொன்னதும் வரிசையே குலுங்கியது. அவளுக்கோ உலகம் பாலில் ஊறின மாதிரி இருந்தது. வேலியோரம் நின்ற மஞ்சள் எதுவோ அரளியாகவும் இருக்கலாம், யாருடைய சேலையாகவும் இருக்கலாம். கண்மாய் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்பது யாரும் தீர்க்காத பாகப்பிரிவினைபோலக் கிடந்தது. நடக்கையில் மனிதர்கள் புகையாக வந்து, பக்கத்தில் வந்ததும் குரலாகி, கடந்ததும் மறுபடி புகையானார்கள். இந்தப் புகைக்குள் உடையப்பன் மட்டும் தெளிவாக இருந்தான். கருகருவென்ற மீசை, நிமிர்ந்த நடை, தோளில் துண்டு, போன லீவுக்கு வந்து இறங்கிய அதே ஆள். நாலு வருஷம் போனில் அவள் பேசியது இந்த ஆளிடம்தான். திரையில் தெரிந்த புகைக்கு மீசை வைத்து, கண் வைத்து, சிரிப்பு வைத்து அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் காலை ராக்காயிக்குக் கொடுத்த காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது.

"ஏ சொர்ணம், எந்தம்பி வந்து மொதநாளே போய்ச்சேரணுமா? எடு அந்தக் கண்ணாடிய" என்றாள் ராக்காயி. கருப்புக் கயிற்றில் இரண்டு முழம் அறுத்து, கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் முடிச்சுப் போட்டு, நெற்றிக்கு மேலே இழுத்துக்கொண்டு போய்க் கொண்டையில் கட்டினாள். "இப்பப் பாரு. மூக்குல படுதா?"

படவில்லை. கண்ணாடி மூக்குக்கு ஒரு விரல் முன்னால், ஒன்றிலும் சாயாமல் தொங்கியது.

"படல மதினி."

"ஒம் மூக்கு லீவுல இருக்குடி. நடந்து காட்டு."

நடந்தாள். தெரு ஊஞ்சலாடியது. கண்ணாடி முகத்தைவிட்டு விலகியிருந்ததால் எல்லாம் தெளிவாகவும், அதே நேரம் சின்னதாகவும், தூரத்தில் யாருக்கோ நடக்கிறமாதிரியும் தெரிந்தன. உள்ளங்கை அளவு ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தீப்பெட்டி அளவு வீட்டு வாசலில் கோழிக்குஞ்சு அளவு கோழி. சொர்ணவல்லி நாலு நாள் இப்படியே வாழ்ந்தாள். சொசைட்டியில் டிகிரி பழையபடி கறாரானது. அதற்காக ராக்காயியைச் சபித்தவர்கள் உண்டு. பள்ளம் மட்டும் நாளுக்கு நாள் மேடாகி வந்தது. வாசலில் நின்று அவள் தலை ஆட ஆட உலகம் ஆடுவதை நாங்கள் பார்த்தோம். அவள் கண்ணுக்குள் என்ன ஓடியது என்பது மட்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவள் பயம் தன் மூக்கைப் பற்றியது என்றுதான் ராக்காயி உள்பட எல்லோரும் நினைத்தோம். ஒன்பதாம் நாள், கயிற்றை ஆட்டிவிட்டபடி அவளாகவே கேட்டாள்.

"மதினி, போன்ல நீங்க பாத்தீங்கள்ல. அவுக எப்படி இருக்காக?"

நாக்கில் எப்போதும் ஒன்று தயாராக வைத்திருக்கிற ராக்காயி, அன்றைக்குக் கோழியை விரட்டுவதற்கு எழுந்து போய்விட்டாள்.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு ஏர்போர்ட்டில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொர்ணவல்லி நின்றாள். கூட வந்த ராக்காயி கூட்டத்தில் நாலு ஆள் பின்னால் நின்றாள். மூக்கு சுத்தம். கண்ணாடி கைப்பையில், அதையும் எடுத்து வந்தது ராக்காயி திட்டியதால். வெயில் கண்ணாடிக் கதவில் பட்டு, கதவு திறக்கும்போதெல்லாம் வெளிச்சம் ஒரு கோடாக வெளியே கொட்டியது. அந்த வெளிச்சத்திலிருந்து ஆட்கள் கரைந்து கரைந்து வந்தார்கள். ஒவ்வொரு புகையும் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வண்டியிலும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. யாரோ அழுதார்கள். யாரோ ஒரு குழந்தையைத் தூக்கினார்கள். ஒரு நீலம் வந்தது. கொஞ்சம் கூனி, மெதுவாக, தலைப்பக்கம் வெளிறி. யாருடைய அப்பாவோ என்று நகர்ந்து வழிவிட்டாள். அதற்குப் பின்னால் இன்னொரு நீலம். நிமிர்ந்த நடை. முகத்தில் கருப்பாகக் கோடு. வேகமாக வந்தது.

கம்பியைச் சுற்றி ஓடிப்போய் வண்டிமேல் இருந்த பையைப் பிடித்தாள். "வந்துட்டீங்களா! குடுங்க, நான் தூக்கியாரேன்."

"அக்கா... யாருக்கா நீங்க?" என்றது அந்த நீலம். முப்பது வயதுக் குரல்.

பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராக்காயி சிரித்திருந்தால் ஏர்போர்ட்டுக்கே கேட்டிருக்கும். அவள் சிரிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால், இத்தனை வருஷமும் காதுக்குப் பழகின குரல் வந்தது.

"வல்லி, நான் இங்கிட்டு இருக்கேன்."

திரும்பினாள். அவள் வழிவிட்ட நீலம், தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஒம் பக்கத்துலதான் போனேன். நேரா மூஞ்சியப் பாத்தியே" என்றான் உடையப்பன். சிரிக்கப் பார்த்த குரல் பாதியில் நின்றது. "அம்புட்டு மாறிட்டனா? ரூமுல கூட இருக்குற பயலுகளும் சொன்னாய்ங்க, கெழவனாயிட்டேன்னு. நாந்தான் நம்பல."

சொர்ணவல்லிக்குப் பதில் ஒன்று இருந்தது. பதினோரு வருஷம் அரிசிப் பானைக்குள் வைத்திருந்த பதில். அதைச் சொன்னால் ஆலங்குடிப் பெண் போன வழியில் அவளும் போகவேண்டும். சொல்லாவிட்டால் இந்த ஆள், பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாத கிழவனாக, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வரைக்கும் வரவேண்டும்.

"நீங்க ஒண்ணும் மாறலங்க" என்றாள். "எனக்குத்தான் கண்ணு தெரியாது."

"என்ன சொல்ற?"

கைப்பைக்குள் துழாவி எடுத்து நீட்டினாள். கருப்புக் கயிறு அவிழ்க்காமல் அப்படியே தொங்கியது. "பதினோரு வருஷமாச்சு. ஒங்ககிட்ட சொல்லல."

உடையப்பன் வாங்கினான். கண்ணாடியை அவன் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல வெளிச்சம் அங்கே ஒரு பொட்டாகத் துள்ளியது. ராக்காயியும் பக்கத்தில் வந்து நின்றாள். பதினோரு வருஷம் காத்திருந்த காட்சி, ஆனால் அந்த இடத்தில் அவளுக்கும் பார்க்கத் தோன்றவில்லை, அட்டைப்பெட்டிமேல் எழுதியிருந்த பெயரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப போன்ல?" என்றான் கடைசியில்.

"புகை மாதிரி தெரிவீங்க."

"நாலு வருஷமா?"

"ம்."

"கயிறு எதுக்கு?"

"மூக்குல படாம இருக்க."

அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, செருமலா என்று பிரிக்க முடியவில்லை. "காட்டு" என்றான். மூக்கில் பள்ளம் இருந்த இடத்தை, இப்போது இல்லாத இடத்தை, சொரசொரத்த விரல் ஒன்று தொட்டுப் பார்த்தது. பிறகு கண்ணாடியை இரண்டு கையாலும் விரித்து, பழக்கமில்லாதவன் பிடிக்கிறபடி தலைகீழாகப் பிடித்து, ராக்காயி அடிக்குரலில் "திருப்புடா" என்றதும் திருப்பி, அவள் முகத்துக்கு நேராக ஒரு சாண் தள்ளி நீட்டினான்.

அந்த இரண்டு வட்டத்துக்குள், புகைக்கு நடுவே, ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அளவு ஒரு மனிதன் தெளிவாக நின்றான். நரைத்த தலை. முழுக்க வெள்ளை மீசை. கன்னத்தில் வெயில் தின்ற கருப்பு. முகத்தில் எதையும் காட்டிவிடக்கூடாது என்று சொர்ணவல்லி தடுப்புக் கம்பியை இறுகப் பிடித்தாள். அவன் கண்ணாடியை நெருக்கிக்கொண்டு வர, கயிறு ஆட, வட்டங்கள் ஆட, அந்தச் சின்னஞ்சிறு மனிதன் அவளையே பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே, மூக்கை நோக்கி வந்துகொண்டிருந்தான்.