இரண்டு கை அவித்த மா

அரிசி விளைகிற ஊரில் இருந்துகொண்டு உனக்கென்ன குறை என்று என்னைக் கேட்காதவர்கள் மட்டக்களப்பில் குறைவு. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. சோறு சாப்பிடலாம்தான். சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிற எல்லாவற்றிலும் கோதுமை ஒளிந்திருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? இடியப்பம் வெள்ளை வெளேரென்று இருந்தால் அது கோதுமை மா. பொரித்த மீனில் மா பிரட்டியிருப்பார்கள். கடைக் குழம்பு தடிப்பதற்கு ஒரு கரண்டி மாவைக் கரைத்து ஊற்றியிருப்பார்கள். ரசத்துக்குப் போடுகிற பெருங்காயத் தூளில்கூட அந்தச் சனியன் இருக்கிறது.

வருத்தத்தின் பெயர் சீலியாக். கோதுமை ஒரு துளி உள்ளே போனாலும் என் குடல் தன்னைத்தானே கடித்துத் தின்னும். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பாதி ஆயுள் போனது. பூச்சி மருந்து குடித்தேன், வாய்வு மருந்து குடித்தேன், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நூலும் கட்டினார்கள். கடைசியில் கொழும்பில் ஒரு டொக்டர் வாய்க்குள்ளால் குழாய் விட்டுக் குடலில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னார். மருந்து இல்லை, சாகும்வரை கோதுமை தொடக்கூடாது என்றார். எங்கள் ஒழுங்கையில் அதைக் "கோதுமை வருத்தம்" என்பார்கள். சுகந்தினிக்குக் கொழுப்பு என்றும் சொல்வார்கள், அது என் காதுக்கு வராது என்ற நினைப்பில்.

கலியாண வீட்டுக்குப் போனால் என் சாப்பாட்டுப் பெட்டியோடு போய் ஒரு மூலையில் இருந்து சாப்பிடுவேன். நான் வேலை செய்கிற கந்தோரில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வெட்டும்போது நான் தண்ணீர் குடிக்கப் போவேன். கோயிலிலும் அதுதான் கதை. நற்கருணை அப்பமும் கோதுமையாச்சே. ஃபாதர் எனக்கு மட்டும் திராட்சை ரசக் கிண்ணத்தை நீட்டுவார். பின்னால் வரிசையில் நிற்கிற பெண்கள் என்னவோ நான் பிஷப்பின் சொந்தக்காரி மாதிரி முழுசிப் பார்ப்பார்கள். கர்த்தருடைய பந்தியிலும் எனக்குத் தனி இலை.

என் மகள் டினோஷா இல்லாவிட்டால் நான் எப்போதோ பைத்தியமாகியிருப்பேன். இவளுடைய அப்பா போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த வயதிலேயே கலியாண வீடுகளில் நேரே சமையல்காரரிடம் போய், "இதுக்குள்ள மா போட்டிருக்கா?" என்று கேட்பாள். கடையில் ஒவ்வொரு பைக்கற்றையும் திருப்பி வாசிப்பாள். வெளியே கோதுமைப் பாண் சாப்பிட்டால் கையையும் வாயையும் சோப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். வீட்டில் நான் தின்கிறதையே தானும் தின்றாள். உலகத்தில் என்னோடு ஒரே சட்டியில் சாப்பிட்ட ஒரே ஆள் அவள்தான்.

போன மாசி மாதம் அவளுக்கு அலனைப் பேசினார்கள். தாண்டவன்வெளிப் பிள்ளை, நல்ல பிள்ளை. அவளுக்கும் பிடித்துப்போயிற்று. எங்கள் பக்கத்து வழக்கப்படி என் வீடு அவளுக்குச் சீதனம். மாப்பிள்ளை இங்கே வந்திருப்பான், நான் பின்னுக்கு இருக்கிற அறைக்கு மாறவேண்டும். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பிழை நடந்தது நாங்கள் முதன்முதலாக அவர்கள் வீட்டுக்குப் போன அன்று. மேசை நிறைய ரோல்ஸும் பற்றிஸும் கேக்கும் வைத்திருந்தார்கள். எல்லாமே கோதுமை, நான் வெறும் பிளேன்டீ மட்டும் குடித்தேன். வருத்தத்தைச் சொன்னேன், அவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் ஒரு கிழமை போவதற்குள் ஊர் சுற்றிக் கதை வந்தது. பெண்ணின் தாய்க்குச் சம்பந்தத்தில் விருப்பமில்லையாம், மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்காமல் எழும்பிப் போய்விட்டாவாம்.

கை நனைப்பது என்றால் சும்மா விஷயமா? ஒரு வீட்டில் சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாவிட்டால் மனசுக்குள் ஏதோ இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அதுதான் கணக்கு. குடலில் இருக்கிற புண் அந்தக் கணக்கில் வராது. டினோஷா இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

பிறகு அலனின் தாய் செசீலியா போன் எடுத்தா.

"மச்சாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாவியில ஒரு போட் பயணம் ஒழுங்கு பண்ணியிருக்கம். நீங்களும் மகளும் வரணும். சாப்பாடு நான் செய்யிறன். உங்கட வருத்தத்துக்கு ஏத்த மாதிரித்தான் செய்வன், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

ஞாயிறு காலை நான் வழக்கம்போலச் சோற்றைப் பெட்டியில் போடப் போனேன். டினோஷா பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

"இண்டைக்கு இது வேணாம்மா. அந்த மாமி உங்களுக்கெண்டே செய்யிறா. பெட்டியக் கண்டா மறுகாவும் கதை வரும்."

"என்ன போட்டுச் செய்யிறா எண்டு கேட்டியா?"

"கேட்டிட்டன். எல்லாம் அரிசி மாதான்."

அவள் கேட்டுவிட்டாள் என்றால் பிறகு எனக்கென்ன? பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனேன்.

படகு காத்தான்குடி நிஸ்தாருடையது. இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்து, மேலே தகரக் கூரை போட்டு, நடுவில் ஒரு நீட்டு மேசையும் வைத்திருந்தார். செசீலியா, அவருடைய கணவர் ஜெயராஜா, அலன், அவர்களுடைய அண்ணன் தம்பி குடும்பங்கள் என்று படகு நிறைய ஆட்கள். என் பக்கத்துக்கு நானும் டினோஷாவும்தான். ஏறினதும் அவளும் அந்தப் பக்கம் போய்விட்டாள். போகத்தானே வேண்டும். நான் கரையோரக் கண்டல் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலனின் சித்தி ஒருத்தி என்னோடு வெயிலைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தா. அதற்குப் பிறகு அவவுக்கும் கதை முடிந்துவிட்டது.

மத்தியானம் படகை முகத்துவாரத்துப் பக்கம் நிழலில் நிறுத்தினார்கள். செசீலியா மற்றவர்களுக்குச் சோறும் பாணும் பரிமாறச் சொல்லிவிட்டு, துணியால் மூடின ஒரு சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தா.

"இது உங்களுக்கு மட்டும். சட்டி புதுசு, அகப்பை புதுசு, புட்டு அவிச்ச நீத்துப்பெட்டியும் புதுசு. பழையதுல மா ஒட்டியிருக்கும் எண்டு மகள் சொன்னா."

புட்டும் இறால் குழம்பும். மூடியிருந்ததால் சூடு ஆறவில்லை. எனக்காக ஒரு பெண் கடைக்குப் போய்ப் புது நீத்துப்பெட்டி வாங்கியிருக்கிறா. என் கூடப்பிறந்தவர்கள்கூட அதைச் செய்ததில்லை. நான் கையைக் கழுவிவிட்டு மேசைக்கு வந்து, எல்லாருக்கும் நடுவில் இருந்தேன். முதல் வாயிலேயே கண் கலங்கிவிட்டது. உறைப்பென்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த வீட்டார் சமைத்ததை அடுத்தவர் தோளில் தோள் முட்டச் சாப்பிட்டு எத்தனை வருஷம். யாரோ குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளினார்கள். யாரோ, "அக்கா, இறாலப் போடுங்க" என்றார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. செசீலியா கணவரைப் பார்த்து, "பாத்தீங்களா, மச்சாள் கை நனைச்சிட்டா" என்றா.

எனக்கும் ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் போல இருந்தது.

"அரிசி மாவில மட்டும் எப்படி மச்சாள் இவ்வளவு பதமா வந்தது? எனக்கெண்டா கல்லுக் கல்லாத்தான் வரும்."

"தனி அரிசி மா எண்டா அப்பிடித்தானே," என்று செசீலியா சிரித்தா. "பதத்துக்கு ரெண்டே ரெண்டு கை அவிச்ச மா சேர்த்தன். அதுவும் மகள்ட்டக் கேட்டுத்தான். பரவாயில்ல மாமி, கொஞ்சந்தானே எண்டு சொன்னா."

அவவில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் பகுதியில் கோதுமை மாவை அவித்து, அரித்து, தகர ரின்னில் போட்டு வைத்துக்கொள்வார்கள். புட்டுக்கு அரிசி மாவோடு அதைக் கலப்பது உப்புப் போடுகிற மாதிரி. அவித்தபிறகு யாரும் அதைக் கோதுமை என்று நினைப்பதில்லை. அவித்த மா, அவ்வளவுதான். செசீலியா அப்படியிருந்தும் போன் எடுத்துக் கேட்டிருக்கிறா. கேட்ட இடத்தில்தான் பதில் பிழையாக வந்திருக்கிறது.

கொஞ்சந்தானே. இந்தச் சொல்லை நான் யார் வாயில்தான் கேட்கவில்லை? மச்சான்மார், மாமிமார், கந்தோர்ப் பிள்ளைகள், ஏன், ஒரு நர்ஸ்கூட. டினோஷா வாயில் மட்டும் கேட்டதில்லை. நான் மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அலனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், பிறகு போத்தலைப் பார்த்தாள்.

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்திருக்கலாம். வைத்தால் இத்தனை பேருக்கு முன்னால் செசீலியாவின் முகம் என்ன ஆகும்? கலியாணம் என்ன ஆகும்? அதனால் சாப்பிட்டேன். இது முழு உண்மையும் இல்லை. கோபத்திலும்தான் சாப்பிட்டேன். செசீலியா இன்னொரு துண்டு புட்டை வைத்தா, அதையும் தின்றேன். டினோஷா எழும்பி என் பின்னால் வந்து குனிந்தாள்.

"காணும்மா. விடுங்க."

"கொஞ்சந்தானே," என்றேன்.

கோப்பையை வழித்துத் துடைத்துவிட்டு, கை கழுவுகிற சாட்டில் படகின் பின்பக்கம் போனேன். அவளும் வந்தாள்.

"அவ அவ்வளவு ஆசையாக் கேட்டாம்மா. வேணாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. ஏற்கெனவே நம்மள ஒரு மாதிரி நினைச்சிட்டாங்க."

"அது எனக்கு விளங்குது. என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க."

"சாப்பிட்டிருப்பன். மகள்ற கலியாணத்துக்கெண்டு தெரிஞ்சு, நானே எடுத்துத் திண்டிருப்பன். நீ என்னச் சின்னப்பிள்ளைக்கு மருந்து குடுக்கிற மாதிரி ஏமாத்தித் தீத்தியிருக்கிறாய். ரெண்டும் ஒண்டா மகள்?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போல இருந்தது, கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்கவும் வேண்டும் போல இருந்தது. அதற்குள் போட்டோ எடுக்க வரச்சொல்லி அலன் கூப்பிட்டான்.

"போ. கூப்பிடுறாங்க," என்றேன். போனாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் பின்னாலேயே, எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தேன். முன்னால் பாட்டும் கைதட்டலுமாக இருந்தது. நிஸ்தார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, தலை சுத்துதா? வெறும் வயித்தோட இருந்தா அப்பிடித்தான், இந்தாங்க" என்று ஒரு பிஸ்கற் பைக்கற்றை நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பைக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றும்போதே வயிறு தொடங்கிவிட்டது. கத்தியை உள்ளே விட்டுத் திருகுகிற மாதிரி இழுத்தது. இனி ஒரு கிழமை இதுதான் என்று எனக்குத் தெரியும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் சுருண்டேன்.

டினோஷா கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"அம்மா, வயிறு எப்பிடி?"

கந்தோரில் யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். கோயிலில் கேட்டாலும் அதுதான். இவளிடம் மட்டும் நான் வயிற்றைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. எங்கே இழுக்கிறது, எப்படி எரிகிறது, எத்தனை தரம் போனேன், எல்லாம் வெட்கமில்லாமல் சொல்லுவேன். அவளும் வாளியைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவிவிடுவாள். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அழுவாள். அழுதால் நான் அவளை ஆறுதல்படுத்த வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பும் இல்லை, மனமும் இல்லை.

"ஒண்டுமில்ல மகள்."

"மெய்யாவா?"

"ஓம். நீ போ, உன்ர வேலையப் பார்."

 அவள் முன் அறைக்குப் போய்ப் போன் எடுக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை.

"ஓம் மாமி, இப்பதான் கேட்டன். அம்மாக்கு ஒண்டும் செய்யல்ல," என்றாள். குரலில் பாரம் இறங்கின மாதிரி ஒரு சிரிப்பு. "கொஞ்சம் எண்டா ஒத்துக்கொள்ளுதுபோல மாமி. இனி நீங்க பயப்பிடாமச் செய்யலாம்."

எழும்பிப் போய்க் கதவைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்னால் எழும்ப முடியவில்லை.