காலிரோயியின் தாடை பேசிய வருஷங்கள்

காலிரோயியைப் புதைத்துச் சில வருஷம் கழித்து, ஊர் வழக்கப்படி எலும்புகளைத் தோண்டியெடுத்து மதுவில் கழுவியபோது, அவளுடைய தாடையெலும்பு பேச ஆரம்பித்தது. மது புளித்திருக்கிறது என்றுதான் முதலில் சொன்னது. உண்மைதான், அந்த வருஷம் ஸ்கினியா என்கிற அந்தக் கிரேக்க ஊரில் எல்லார் வீட்டு மதுவும் புளிப்பு. கழுவிக்கொண்டிருந்த மகள் எவாந்தியா தாடையைக் கீழே போட்டுவிடவில்லை. அவள் கவலை வேறு. கடற்பஞ்சுக்கு முங்குகிற ஒருத்தனைத் தாய் சொல்லை மீறிக் கட்டிக்கொண்ட நாள் முதல், சாகும் வரைக்கும் அம்மா அவளோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டு, "ஏ பூனை, அடுப்பு அணையுதுன்னு அவகிட்ட சொல்லு" என்பாள். இப்போது வாய் திறந்துவிட்டதே, தன்னைப் பார்த்து ஒன்று சொல்லமாட்டாளா என்று எவாந்தியா ஏங்கினாள்.

மற்ற எலும்புகள் பெட்டியில் கோயிலுக்குப் போயின. தாடையை மட்டும் பாதிரியார் ஸ்த்ராதிஸ் அனுமதியோடு சமையலறை அலமாரியில், ஆலிவ் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உன்கிட்ட பேசினாளாடி?" என்று பக்கத்து வீட்டு ஃபோதினி ஜன்னல் வழியே கேட்பாள்.

"பேசுறா. ஜாடிகிட்ட."

"பூனைக்கு ஜாடி தேவலை. பிறாண்டாது."

வருஷம் ஏற ஏற, தாடையின் பேச்சு பழசாகிக்கொண்டே போனது. முதலில் காலிரோயியின் தாயார் காலத்துப் பேச்சு. பிறகு யாரும் பாடாத தாலாட்டுகளின் பேச்சு. அப்புறம் சாதாரண ரொட்டியையே, இன்று கோயிலில் ஆசீர்வதித்த ரொட்டிக்கு மட்டும் சொல்லும் 'ஆர்ட்டோஸ்' என்ற பெயரால் சொன்னது. பாதிரியார் வந்து காதைச் சாய்த்துக் கேட்டு, இது நற்செய்தி எழுதின காலத்துப் பேச்சு என்றார். அடுத்த வருஷம் அதற்கும் பின்னால் போய்விட்டது, அவரே தாடியைச் சொறிந்தார். ஆனாலும் பாருங்கள், திருவிழாக் கூட்டத்தில் தெரிந்த முகம் தட்டுப்படுகிற மாதிரி, நடுநடுவே ஒரு சொல் அப்படியே வரும். கடல் இன்றைக்கும் சொல்கிற அதே தலஸ்ஸா. வானம் அதே ஊரனோஸ். எவாந்தியா வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்த மீனவர்கள், சொந்தக்காரனைக் கண்டதுபோலத் தலையசைப்பார்கள்.

எவாந்தியாதான் பாதிரியாரின் அங்கியைப் பிடித்துக்கொண்டாள். "எங்க சாமி போறா இவ? இன்னும் கொஞ்சம் போனா, எனக்கு ஒரு வார்த்தை சொன்னாலும் எனக்குப் புரியாதே."

"உனக்குச் சொல்ல வாய்க்குள்ள ஒண்ணுமில்லாம செத்தவம்மா அவ. தேடுறா. மேல அறையில கிடைக்கலைன்னா நிலவறைக்கு இறங்கித்தானே ஆகணும்?" என்றார் பாதிரியார்.

பிறகு ஒரு குளிர்காலம் முழுக்கத் தாடை பேசவேயில்லை. பாதாம் பூத்த ஒரு காலையில், எவாந்தியா மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, "பைதியோன்" என்றது.

அர்த்தம் கேட்கப் பாதிரியாரிடம் ஓட வேண்டியிருக்கவில்லை. குழந்தாய். மீன்காரரும் பஸ் ஓட்டுநரும் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிடுகிற அதே 'பெதீ'தான், வால் மட்டும் கொஞ்சம் நீளம். உலகத்துக்கே இறைபட்ட அந்தச் சொல்லை அம்மா ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை.

"இங்கதான்மா இருக்கேன்" என்றாள், மாவுக் கையோடு.

ஒரு வாரத்துக்குள் தாடை அத்தனை நூற்றாண்டுகளையும் ஏறிக் கடந்து இன்றைய பேச்சுக்கு வந்துவிட்டது. இப்போதெல்லாம் ஃபோதினி வந்தால் அலமாரிக்கு ஒரு வணக்கம், அடுப்படிக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, காற்று தெற்கிலிருந்து அடிக்கிறது, துணி சீக்கிரம் காயும் என்பாள். அம்மாவும் மகளும் ஆமாம் என்பார்கள்.