பெண்கள் குளத்துக்கு மேலே

அன்று காலையில் அந்த இரண்டு பையன்களுக்கும் கீமிதான் பராத்தா சுட்டுப் போட்டாள். வெண்ணெய் கேட்டார்கள், வைத்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டார்கள், அதையும் வைத்தாள். பிற்பாடு நினைத்து நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

சீசன் உச்சத்தில் இருந்தது. கீழே ஆற்றுப் பாலம் வரை டில்லி வண்டிகளும் சண்டிகர் வண்டிகளும் நெருக்கியடித்து நின்றன. வருகிறவர்கள் ரிஷி கோயிலில் கும்பிட்டு, கோயிலடியிலிருந்து கொதித்து வரும் வெந்நீரில் முங்கிவிட்டு, பனி பார்க்க மேலே போவார்கள். கீமியின் புருஷன் கூப் ராம் வீட்டு மாடியை மூன்று அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தான். அந்தப் பையன்கள் அங்கேதான் தங்கியிருந்தார்கள்.

அவர்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, கீமி தன் நாத்தனார் பூல்மாவைக் குளிக்கக் கூட்டிப்போனாள். பூல்மா பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தவள். பிள்ளை பிறந்தும் இடுப்பு நேராகவில்லை. அந்த ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்தே ரிஷியின் வெந்நீர்தான். பெண்கள் குளத்துக்கு நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கல் சுவர் உண்டு, கூரை கிடையாது. ரிஷியின் தண்ணீரை மூடக்கூடாது என்பது வழக்கம்.

பூல்மாவைத் தண்ணீரில் உட்காரவைத்து கீமி முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே குளவிக் கூட்டம் போல ஓர் இரைச்சல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். சுவருக்கு மேலே ஒரு ட்ரோன் அசையாமல் நின்றது. அடிவயிற்றில் கண்ணாடிக் கண். அது மெல்லத் திரும்பி, இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

குளத்தில் இருந்த பெண்கள் கையில் அகப்பட்டதை இழுத்து மூடிக்கொண்டு சுவரோரம் ஒண்டினார்கள். பூல்மாவால் சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மட்டும் பொத்திக்கொண்டாள்.

கீமி ஓடவில்லை. ஊறிக் கனத்துக் கிடந்த கம்பளிப் போர்வையை இரண்டு கையாலும் சுழற்றி மேலே வீசினாள். முதல் வீச்சு தவறியது. இரண்டாவது, இறக்கைகளில் போய்ச் சிக்கிக்கொண்டது. ட்ரோன் சுவரில் மோதி வெந்நீரில் விழுந்தது.

அவள் உடுத்திக்கொண்டு, அதைப் பிடித்துத் தூக்கியபடி வெளியே வந்தபோது, கோயில் முற்றத்தில் போன் மாட்டிய ரிமோட்டும் கையுமாக நின்றவன் அவள் வீட்டில் பராத்தா தின்ற ஈஷான்.

"ஆன்ட்டி, என்ன பண்ணிட்டீங்க. நாங்க கோயில் கோபுரத்தைத்தான் எடுத்தோம்."

"கோபுரம் குளத்துக்குள்ளயா இருக்கு? உங்கம்மா குளிக்கிற இடத்துலயும் கோபுரம் இருக்கா, அங்கயும் பறக்கவிடுவியா?"

அவனுடைய கூட்டாளி போனைத் தூக்கி அவளைப் படம் பிடித்தான். அவள் ட்ரோனை ஈஷானின் காலடியில் போட்டு மிதித்ததையும் பிடித்தான். மாலைக்குள் அது உலகம் முழுக்கப் போய்விட்டது. மலை ஊரில் சுற்றுலாப் பயணிகள் மேல் தாக்குதல் என்று தலைப்பு. குளத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கூப் ராம் அந்தப் பையன்களை மாடியை விட்டு அனுப்பவும் இல்லை.

அடுத்த நாளே அறை பதிவு செய்தவர்கள் வரவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஊர்த் தலைவர் பேலி ராமுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரிலேயே பெரிய ஓட்டல் அவருடையது. 'அறைதோறும் புனித வெந்நீர்' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார். ஊற்றிலிருந்து தனியாகக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து மற்ற ஓட்டல்காரர்களும் போட்டிருந்தார்கள்.

கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. ஈஷான் கேமராவை முக்காலியில் நிறுத்தித் தயாராக வைத்திருந்தான்.

"ரெண்டு வரி சொல்லு, கீமி. கோபத்துல பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க, எல்லாரும் வாங்கன்னு. அவ்வளவுதான்" என்றார் தலைவர்.

"யாரு யாரை மன்னிக்கணும் தலைவரே?"

"ஊர் பிழைப்பைப் பாரும்மா. உன் வீட்டு மாடியிலயும்தான் ரெண்டு அறை காலியாக் கிடக்குது."

"மாடி காலியாக் கிடந்தா ஆட்டைக் கட்டுவேன். உங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் அன்னிக்குக் குளத்துல இல்ல. அதான் இவ்வளவு நிதானமாப் பேசுறீங்க."

பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பூல்மா கூட்டத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து அவள் அறையை விட்டே வரவில்லை. பால் கொடுக்கும்போதும் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள். ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: "அண்ணி, படத்துல என் முகம் விழுந்திருக்குமா?"

கீமி அதை அப்படியே எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

கூப் ராம் எழுந்து அவளருகே வந்தான். குரலைத் தாழ்த்தினான். "முகமெல்லாம் தெரியல கீமி. முதுகு மட்டும்தான். இதைப் பெருசு பண்ணாத."

கீமி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் ஈஷான் பக்கம் பார்த்தான்.

"முதுகு மட்டும்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்குறேன்."

"அன்னிக்கு ராத்திரி இந்தப் பையன் போன்ல காட்டினான். ஒண்ணும் இல்லண்ணே, நீங்களே பாருங்கன்னு. நான் அழிக்கச் சொல்லிட்டேன்."

"கூடப் பிறந்தவ முதுகைப் பாத்துட்டு, மறுநாள் காலையில அவனுக்கு டீ போடச் சொன்னீங்க என்கிட்ட."

"சண்டை வேணாம்னுதான்..."

"நானும் போட்டேன். சர்க்கரை தூக்கலாப் போட்டேன்."

அவள் குரல் உயரவே இல்லை. கூப் ராம்தான் இரண்டு அடி பின்னால் போனான். கீமி நேரே ஈஷானிடம் நடந்தாள். அவளோடு குளத்தில் இருந்த பெண்களும் எழுந்து வந்து அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

"போனை எடு. என் கண் முன்னால அழி."

அவன் அழித்தான்.

"வேற யாருக்கு அனுப்புன?"

"யாருக்கும்..."

"பொய் சொன்னா ரிஷி வாசல்லயே உன்னை உரிச்சு நிக்கவச்சுப் படம் எடுப்பேன்."

"ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல... ஒரு தடவைதான் ஆன்ட்டி. எடிட் பண்ண அனுப்பினேன்."

அதைத் திரும்ப வாங்க வழியில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. கீமி முக்காலியை ஒரு உதை விட்டாள். பிறகு யாரிடமும் எதுவும் சொல்லாமல் கோயிலுக்குப் பின்னால் ஊற்றுக்கண்ணை நோக்கி ஏறினாள். பெண்கள் பின்னாலேயே ஏறினார்கள்.

தலைவர் சொன்ன ஊர் பிழைப்பு அங்கேதான் இருந்தது: ஊற்றில் ஓட்டல்களின் குழாய்கள் பாம்புக் குட்டிகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தண்ணீர் கையைச் சுட்டது. தலைத்துணியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு முதல் குழாயைப் பிடுங்கினாள். அது பேலி ராமுடையது.

"கீமி, போலீஸ்ல சொல்லுவேன்" என்று கீழேயிருந்து தலைவர் கத்தினார்.

"சொல்லுங்க. யாரைக் கேட்டு இதைப் போட்டீங்கன்னு அவங்களும் கேக்கட்டும்."

குழாய்கள் ஒவ்வொன்றாகச் சரிவில் உருண்டன. அன்று சாயங்காலம் ஓட்டல்களில் வெந்நீர் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பையன்கள் இருவரும் கிடைத்த வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். பேலி ராம் போலீசுக்குப் போகவே இல்லை. ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று அவரே ஒரு பலகை எழுதிப் பாலத்தருகில் நட்டார். அதையும் தன் நல்ல மனசால் செய்தது போல எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

கூப் ராம் வீட்டுக்கு வந்தபோது அவன் படுக்கை மாடியில் காலி அறையில் கிடந்தது. கீமி சாப்பாடு கொண்டுபோய் வைத்தாள், பேசவில்லை. பல நாள் கழித்து அவன் வாசலில் நின்று கேட்டான்: "இன்னும் எத்தனை நாளைக்குடி இப்படி?"

"உன் தங்கச்சிகிட்டப் போய்க் கேளு" என்றாள் கீமி. கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை.

அவன் பூல்மாவின் அறைக் கதவு வரை போனான். தட்டக் கையைத் தூக்கிவிட்டு, தட்டாமல் திரும்பினான். கீமி அதைப் பார்த்தும் பார்க்காதவள் போலக் குடத்தை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தாள். பூல்மா குளத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். வெந்நீரைச் சுமந்துவந்துதான் அவளைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. ஏற்றத்தில் குடம் கனத்தது. கீமிக்குக் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.