லைனில் வண்டி இருக்கும்போது

பச்சை எஞ்சினும் மூன்று பெட்டியுமாகக் குகைக்குள் போன வண்டி மறுபக்கம் வரவில்லை. எங்கள் மாதிரி ரயில் கண்காட்சி முடிகிற நேரம். மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் குனிந்து குகை வாயை எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் அப்பாவிடம் "வண்டிய மலை முழுங்கிருச்சு" என்றாள். வில்ஃப் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் முன்னிருந்த மின்சாரப் பெட்டியின் வேகக் குமிழைக் கொஞ்சம் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. குமிழைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, "உள்ள நின்னுருச்சு" என்றார், மருத்துவமனையிலிருந்து சேதி கொண்டுவந்தவரைப் போல. கையில் தேநீர்த் தட்டோடு நின்ற நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வண்டி நின்றதற்காக அல்ல. இந்தக் கூடத்துக்குப் பொறுப்பான திருமதி ஹோல்ராய்ட் இன்று ஐந்து மணிக்கு விருந்து வேலைக்காக வருவாள்.

எங்கள் ஊரில் பெருமை பேச அதிகம் மிச்சமில்லை. நூற்பாலையை மூடி அடுக்குமாடி வீடுகளாக்கிவிட்டார்கள். கால்பந்து அணியைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை. ஆனால் மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடத்தில் இருக்கிற எங்கள் ரயில் பாதையைப் பார்க்க லீட்ஸிலிருந்தும் பர்ன்லியிலிருந்தும் ஆட்கள் மழையில் நனைந்துகொண்டு வருவார்கள். நான் மிகைப்படுத்தவில்லை, வந்து பார்த்தவர்களைக் கேளுங்கள். மலை முழுக்க எங்கள் குழுவிலுள்ள நைஜலின் கைவேலை. பக்கத்து மூர் என்கிற புதர்மேட்டில் பாசி பொறுக்கிக் காயவைத்து ஒட்டியிருக்கிறான். கேட் காவலர் வீட்டுக் கொடியில் காய்கிற துணிகள் நான் என் பழைய உள்பாவாடையிலிருந்து வெட்டித் தைத்தவை. பள்ளிச் சமையலறையில் நாளெல்லாம் குண்டா கழுவிய விரல்களால் அத்தனை சின்ன உருப்படியைத் தைக்க முடிந்தது என்பதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலானது சிக்னல்கள். கடுகளவு விளக்கு, சிவப்பும் பச்சையும், ஒவ்வொன்றும் எரியும். அவை வில்ஃபுடையவை. வேலை பார்த்த காலம் முழுக்க நிஜ ரயில்வேயின் சிக்னல் கேபினில் உட்கார்ந்திருந்தவர், ஓய்வு பெற்ற மறு வாரமே எங்களிடம் வந்து சேர்ந்தார். உட்கார்ந்த இடம் மாறியதே தவிர மனிதர் மாறவில்லை.

வம்பும் அங்கேதான் வந்தது. வண்டியை ஓட்டுகிற இந்த மின்சாரப் பெட்டிகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். குமிழைப் பூஜ்யத்தில் வைத்தால் வண்டி நிற்கும், பெட்டிக்குள் இருக்கிற டிரான்ஸ்பார்மர் நிற்காது. சுவரில் பிளக் இருக்கிறவரை அது உள்ளுக்குள் முனகிக்கொண்டு, சூடாகிக்கொண்டுதான் இருக்கும். வண்டி நின்றுவிட்டது, ஆகவே எல்லாம் அணைந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் வீட்டைக் கொளுத்திக்கொள்கிறவர்கள். வில்ஃபுக்கு இது தெரியாததல்ல. நாங்கள் வாராவாரம் கூடுவது செவ்வாய்க்கிழமை. போன குளிர்காலத்தில் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, இதே குகைக்குள் ஒரு சரக்கு வண்டி தடம் இறங்கி நின்றது. எடுக்க நேரமில்லை. எல்லோரும் கிளம்பினோம். கடைசியாகக் கதவைச் சாத்தியவர் வில்ஃப். தெரிந்தே மின்சாரத்தை விட்டுவிட்டுப் போனார். காலையில் அங்கே மழலைப் பள்ளி நடத்துகிற பெண் கதவைத் திறந்தபோது கூடமெல்லாம் கருகல் நாற்றம். மேசைக்கு அடியில் பலகை கறுத்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தேவாலயமே போயிருக்கும்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்: "லைன்ல வண்டி நிக்குது. பிளக்கப் புடுங்குனா சிக்னல் விளக்கு அணைஞ்சுரும். உள்ள வண்டிய வச்சுக்கிட்டு வெளிய சிக்னல இருட்டாக்க என்னால முடியாது எனிட். நான் செஞ்சதில்ல. செய்யவும் மாட்டேன்."

நைஜல் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தில், வண்டி உள்ளே நிற்கும்போதே, அவர் கண் முன்னாலேயே சிக்னல்களின் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்தான். ஈஸ்டர் வரைக்கும் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் ரயில் பாதை வெறும் பொம்மையாகிப்போனது. வண்டிகள் ஓடின, அவ்வளவுதான். மனைவி போன பிறகு செவ்வாய்க்கிழமையைத் தவிர வேறு எந்த நாளும் அவர் யாரோடும் பேசுவதில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானே போய்க் கூட்டிவந்தேன்.

தேவாலயத்தின் சொத்துகளைப் பார்த்துக்கொள்வது திருமதி ஹோல்ராய்ட். அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "நீங்க பூட்டுற நேரத்துல ஒரு நாள் வந்து நிப்பேன். ஒவ்வொரு பெட்டியா கைய வச்சுப் பார்ப்பேன். ஒன்னாவது மின்சாரத்துல இருந்துச்சுன்னா, மலையத் தூக்கிக்கிட்டு வேற எடம் பாத்துக்குங்க." எங்கள் மலை எந்த வாசல் வழியாகவும் வெளியே போகாது. உள்ளேயே கட்டியது. வேறு இடம் என்றால் மலையை அறுக்க வேண்டும்.

ஆகவே எல்லாப் பெட்டியையும் ஒரே கம்பிக்குக் கொண்டுவந்தோம். ஒரே பிளக், சிவப்பு. கடைசியாக வண்டிகளை யார்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வில்ஃப் "எல்லாம் வீடு வந்தாச்சு, இழு" என்பார். நான் இழுப்பேன். கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. இன்றுதான் ஒன்று வீடு வரவில்லை.

திருமதி ஹோல்ராய்ட் ஐந்து மணிக்கு வந்தாள். மாலையில் அதே கூடத்தில் தேவாலயத்தின் அறுவடைத் திருநாள் விருந்து. கையில் துணி மூடிய பெரிய பை ஒன்று, பின்னாலேயே மடக்கு மேசைகளைத் தூக்கிக்கொண்டு நாலு பேர். பொதுமக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மலைக்குப் பின்னால் போய் அதிலுள்ள சின்னக் கதவைத் திறந்தால்தான் குகைக்குள் கை விட முடியும். அங்கே மேடை வரைக்கும் நாற்காலிகளை வழி விடாமல் அடுக்கிவிட்டிருந்தார்கள்.

"நான் நிக்கிறேன், நீங்க பாட்டுக்குப் பூட்டுங்க" என்றாள். சுற்றிலும் பார்த்தாள். "முடிச்சாச்சுல்ல?"

வில்ஃபின் வலது கை சிவப்புப் பிளக்கின் மேல் இருந்தது. பிடுங்க அல்ல, யாரும் பிடுங்கிவிடாமலிருக்க.

"ஒரு வண்டி உள்ள இருக்கும்மா" என்றார்.

"பெரியவரே, அது தள்ளி நின்னு பாத்தா ரயிலு, தொட்டுப் பாத்தா பிளாஸ்டிக்கு" என்றான் நைஜல். அவன் குரலில் கேலியைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. "புடுங்கி விடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"நைஜல், நீ வாய மூடு" என்றேன்.

என்னால் முடியும். அவர் கை வயதான கை. ஒரு இழுப்பில் வந்துவிடும். கூடம் தப்பும், மலை தப்பும், என் உள்பாவாடைத் துணிகளும் தப்பும். வில்ஃப் தொப்பியை எடுத்துக்கொண்டு போவார். இந்த முறை ஈஸ்டருக்கு அவர் திரும்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். திருமதி ஹோல்ராய்ட் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அவள் கண் சிவப்புப் பிளக்கில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன். இத்தனை நாள் அவரோடு சண்டை போட்டேனே தவிர, அவர் தொழிலைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"வில்ஃப்," என்றேன், "உங்க கேபின்ல ராத்திரி சிக்னல் விளக்கு அணைஞ்சுபோனா என்ன செய்வீங்க? காத்து, பனி, கம்பி அறுந்துச்சு, ஏதோ ஒன்னு. உள்ள வண்டி நிக்குது, வெளிய விளக்கு இல்ல. அப்ப?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, ஒன்றாம் வகுப்புக் கேள்வி கேட்டுவிட்டேன் என்பதுபோல இருந்தது.

"ஆள் நிப்பாட்டுவோம்" என்றார். "செவப்புக் கொடியோட. குகை வாசல்ல."

"விளக்கு வர்ற வரைக்கும்?"

"விளக்கு வர்ற வரைக்கும். அவன் அங்க நிக்கிறவரைக்கும் எவனும் தாண்டிப் போக முடியாது."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. பிளக்கின் மேலிருந்த கை தானாகத் தளர்ந்தது. நைஜலை ஏறிட்டுப் பார்த்தார். நைஜல் வாயாடிதான், ஆனால் மந்தமானவன் அல்ல. அதற்குள் அவன் ஸ்டேஷன் நடைமேடையிலிருந்து ஒரு மனிதனைக் கிள்ளி எடுத்துவிட்டிருந்தான். நகத்தளவு ஆள், கறுப்புக் கோட்டு, ஏதோ வண்டிக்காகக் காத்திருந்தவன். நான் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்து அந்தக் குட்டி ஆளின் கையில் கொடியாகச் சுற்றி நுனியைப் பசையால் விறைப்பாக்கினேன். மேசை தூக்கி வந்தவர்கள் மேசையைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

வில்ஃப் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். அந்த ஆளை விரல்நுனியில் ஏந்திக்கொண்டு போய்க் குகை வாயில், தண்டவாளத்துக்கு நட்ட நடுவில் நிறுத்தினார். சற்றுத் திருப்பினார், ஸ்டேஷன் பக்கம் பார்க்கும்படி. மேசையோரத்தில் இருந்த தன் லிவர்களிடம் வந்து சிக்னலைச் சிவப்பில் போட்டார். அடுத்த கேபினுக்குச் சேதி சொல்கிற மணியை ஒருமுறை அடித்தார். அங்கே யாருமில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பிறகு, என்னைப் பார்க்காமல், தன் கையாலேயே பிளக்கை இழுத்தார்.

விளக்குகள் எல்லாம் அணைந்தன. மேசைக்கு அடியில் இருந்த முனகல் நின்றபோதுதான், அது இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்ததே தெரிந்தது. என் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிமிடத்தில் இங்கிலாந்தின் எந்தப் பெரிய ரயில்வேயும் எங்கள் ரயில்வேக்கு ஈடில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

திருமதி ஹோல்ராய்ட் பையை நாற்காலி மேல் வைத்தாள். சொன்னபடியே குனிந்து ஒவ்வொரு பெட்டியாகக் கை வைத்துப் பார்த்தாள். நாளெல்லாம் ஓடிய வெதுவெதுப்பு இருந்திருக்கும். உள்ளே உயிர் இல்லை. பிளக்கை வாங்கி அதன் மூன்று கால்களையும் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. நல்ல பாவாடையைப் பொருட்படுத்தாமல் மேசை அருகே முழங்காலிட்டு, குகை வாயில் நின்ற ஆளின் உயரத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"உள்ள எத்தன பேரு?" என்று கேட்டாள்.

"மூணு பெட்டி ஜனம்மா" என்றார் வில்ஃப். "போர்வை குடுத்தாச்சு."

அவள் தலையாட்டினாள். வெளியே யாரோ விருந்துக்கு மணியடிக்கலாமா என்று கேட்டார்கள். அவள் தலையைத் திருப்பாமல் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினாள்.

"இவரு எவ்வளவு நேரம் இங்க நிக்கணும்? மாத்தறதுக்கு ஆளு வருமா?"

வில்ஃப் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"வரும்மா, செவ்வாய்க்கிழமை" என்றார். "நாந்தான் வருவேன்."

அவள் எழுந்துகொள்ள அவர் கை நீட்டினார். கூடத்தில் அறுவடை மேசைகள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கின. குகை வாசலில் அந்த ஆள் சிவப்பு நூலை உயர்த்திப் பிடித்தபடி, வராத வண்டிகளை எல்லாம் தடுத்துக்கொண்டு நின்றான்.