நாற்பதாயிரத்தில் ஏழு

தம்பியை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் பெரியவள். அவனோடு எலியும் பூனையுமாகச் சண்டை போட்டே வளர்ந்தவள் சின்னவள். அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, அக்காமார் இருவரின் ரத்தத்தையும் பொருத்திப் பார்த்தபோது, அச்சாகப் பொருந்தியது என்னவோ சின்னவளுடையதுதான். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் பெரியவளுக்கு. வெளியில் சொல்லக்கூடிய எரிச்சலா அது?

எலும்புக்குள் கிடந்து புது ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல்களைத் தம்பிக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்; அவை ரத்தத்தில் இறங்கி வருவதற்காகச் சின்னவளுக்குத் தினமும் ஊசி. ஆஸ்பத்திரி அறையில் ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. அம்மா உரித்துக் கொடுக்கும் ஆரஞ்சுச் சுளை அவளுக்கு. பெரியவள் மூலையில் பைகளுக்குக் காவல்.

காலையில் எடுத்த ரத்தத்தின் முதல் முடிவு ஃபோனில் வந்தது.

"வெள்ளையணு நாப்பதாயிரமாம்க்கா! மத்தவங்களுக்குப் பத்தாயிரமே அதிகமாம். நான்னா சும்மாவா?"

"போதும்டி, அடக்கி வாசி."

அம்மா, "இன்னைக்கே எடுத்துருவாங்க" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் தண்டோரா போட்டுக்கொண்டிருக்கும்போது நர்ஸ் உள்ளே வந்தாள்.

"யாரும்மா சொன்னது இன்னைக்குன்னு? நாப்பதாயிரம் வெறும் கூட்டம். அதுக்குள்ள ஸ்டெம் செல் எத்தனைன்னு தனியா எண்ணணும். குறைஞ்சது இருபது இருந்தாத்தான் அதைப் பிரிச்செடுக்கிற மெஷின்ல போடுவோம். இவங்களுக்கு ஏழுதான்."

ஏழு! பெரியவளுக்குள் ஏதோ ஒன்று குதியாட்டம் போட்டது. மகாராணிக்கு வெறும் ஏழு மார்க்!

"ஏறலைன்னா?" என்றாள் அம்மா.

"ஏறணும்மா. உங்க பையனோட எலும்பு மஜ்ஜையை மருந்து கொடுத்துக் காலி பண்ண ஆரம்பிச்சாச்சு, இனி திருப்ப முடியாது. சாயங்காலம் இவங்களுக்கு இன்னொரு ஊசி போட்டுப் பாப்போம்."

பெரியவளுக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. அந்த ஏழில் தொங்குவது தம்பியின் உயிரல்லவா!

சாயங்கால ஊசிக்குப் பிறகு சின்னவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"அக்கா, உன்னோடது பொருந்தியிருந்தா இந்நேரம் நூறு வந்திருக்கும்ல?"

இத்தனை நாளும் பெரியவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததே அதுதான். இப்போது அது வேப்பங்காயாகக் கசந்தது.

"பொருந்தலையே, என்ன பண்ண? ஊசியால இடுப்பெலும்பு வலிக்குதா? திரும்பு, கழுதை" என்று அவள் இடுப்பைப் பிடித்துவிட்டாள். 'ஏறு, ஏறு' என்று விரல்கள் கெஞ்சின.

மறுநாள் எண்ணிக்கை முப்பத்தொன்று. சின்னவளை மெஷினோடு இணைத்தார்கள். இரு கைகளிலும் ஊசி, அசைக்கக் கூடாது. தம்பிக்கான பை மெல்ல மெல்ல நிறைந்தது. அதில் தன்னுடையது ஒரு சொட்டுகூட இல்லையே என்று பார்த்துக்கொண்டே நின்றாள் பெரியவள்.

"அக்கா, மூக்கு அரிக்குது."

சொறிந்துவிட்டாள். கொஞ்சம் அழுத்தித்தான்.